இரண்டு கட்ட அகலத்தில் ஒரு நீரிணை

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில், கை கழுவக்கூடக் குழாய் இல்லாத ஓர் அறையில், ஒரு கடல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டுகிறவரை வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் ‘கடலக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். இருபது வருடமாக ஒரே கடலைக் கட்டி மேய்ப்பவருக்கு அந்த மரியாதை தானாக வந்து சேர்ந்துவிட்டது. அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் நின்றதில்லை. ஒருமுறை ஆய்வுக் கப்பலில் ஏற்றிப் பார்த்தார்கள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே வாந்தி எடுத்துவிட்டார் என்பது மற்றவர்கள் சொல்வது. அவிழ்த்த பிறகுதான் என்பது அவர் கட்சி.

அவருடையது பெருங்கடல் அல்ல. சுற்றிலும் நிலம் சூழ்ந்து, ஒரு மூலையில் மட்டும் குறுகலான நீரிணை வழியாகப் பெருங்கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடைபட்ட கடல். வெயில் அதிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போகும் தண்ணீரை ஆறுகளும் மழையும் சேர்ந்தாலும் ஈடுகட்ட முடிவதில்லை. குறைவதைப் பெருங்கடல்தான் நீரிணை வழியாக அனுப்பிவைக்கிறது. அலுவலகப் பேச்சில் அந்த நீரிணைக்குப் பெயர் ‘சந்து’.

நிஜக் கடல் எங்கேயோ கிடக்கிறது. கடலக்கா பார்ப்பது கணினிக்குள் இருக்கும் அதன் மாதிரியை. பரப்பு முழுவதையும் பக்கத்துக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம், உப்பு, சூடு எல்லாம் கொடுத்து, ‘காற்று இப்படி அடிக்கிறது, இப்போது உன் தண்ணீர் எங்கே போகும்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. பதில் சொல்வது கணினி; காத்திருப்பது கடலக்கா. பொறுமை என்பது மருந்துக்கும் இல்லாத ஒருவர் காத்திருப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டது எப்படி என்று அவர் வீட்டுக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சந்தில்தான் வில்லங்கம். உண்மையான நீரிணை மூன்று கிலோமீட்டர்கூட அகலமில்லை, கட்டமோ ஐந்து. சரி, ஒரு கட்ட அகலம் என்று வைத்துக்கொள்ளலாமே என்றால், கணினிக்குள் இருக்கும் அந்த மாதிரி, தண்ணீரின் வேகத்தைக் கட்டங்களின் மூலைகளில்தான் கணக்கிடுகிறது. நிலத்தைத் தொடும் மூலையில் வேகம் பூஜ்யம். ஒற்றைக் கட்ட அகலச் சந்தில் எல்லா மூலைகளும் நிலத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆக, கதவு திறந்திருக்கும், ஆனால் யாரும் உள்ளே வர முடியாது. எனவே கடலக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் சந்தை இரண்டு கட்ட அகலத்துக்கு விரித்தார். விரித்ததும் பெருங்கடல் குபுகுபுவென்று உள்ளே வந்தது. உடனே சந்தின் தரையை உயர்த்தினார்; தரையைச் சொரசொரப்பாக்கினார். அகலத்தில் சொன்ன ஒரு பொய்யை ஆழத்தில் சொன்ன இன்னொரு பொய்யால் கழித்ததும், கப்பல்காரர்கள் அளந்த அதே அளவு தண்ணீர் அந்தச் சந்தில் போய்வர ஆரம்பித்தது.

இதை அவர் ஒளித்துவைக்கவில்லை. எழுதிய அறிக்கை ஒவ்வொன்றின் பின்னிணைப்பிலும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி ஒரு மனிதர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. வாழ்க்கையில் அவர் செய்த ஆகச் சாமர்த்தியமான காரியம் அதுதான் என்பது அவருடைய எண்ணம். யாரும் கேட்காத சாமர்த்தியம் நாளடைவில் புளித்துப்போகிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடலுக்கு ஒரு நிஜமான வேலை வந்தது. நகரத்தின் கழிவுநீர் இப்போது ஒரு பழைய குழாய் வழியாக விரிகுடாவுக்குள்ளேயே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் விழுகிறது. புதுக் குழாய் போடுவது என்று முடிவாகி, அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தீர்மானிக்க ஒரு குழுவையும் போட்டார்கள். இரண்டு இடங்கள்: விரிகுடாவின் விளிம்பில் ஒன்று, நிலமுனையைத் தாண்டி வெளியே ஒன்று. கிட்டத்து இடத்தில் வேலை சீக்கிரம் முடியும் என்பதால் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். ஆனால் குளிர்காலத்தில் விரிகுடாவின் தண்ணீர் செக்கு மாதிரி சுற்றுகிறது, விளிம்பில் விட்டதைச் சுற்றிக் கொண்டுவந்து கரையிலேயே சேர்க்கிறது என்று கடலக்காவுக்கு ஒரு சந்தேகம். கணினியில் முன்பு ஓட்டிப் பார்த்தபோது அது அரைகுறையாகத் தெரிந்தது. இரண்டு இடங்களையும் வைத்து முழுசாக ஓட்டி, குழு கூடும் நாளுக்குள் படம் போட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கிட்டத்து இடம்தான், வேறு பேச்சே கிடையாது.

அவருக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. வீட்டுக்காரரின் தங்கை விரிகுடாவைப் பார்த்த அடுக்குமாடியில், பழைய குழாய்க்கு நேர் எதிரே குடியிருக்கிறாள்.

“கடல் பார்த்த வீடுன்னு ஆசை காட்டித்தான், அண்ணி, இதை எங்க தலையில கட்டினாங்க,” என்பாள். “குடிவந்த நாள்லேருந்து ஜன்னலைத் திறந்ததில்ல. கண்ணாடி வழியாத்தான் கடல். எப்போ அண்ணி இதுக்கு ஒரு விடிவு?”

“பொறு, ஓடிட்டிருக்கு.”

“கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நீங்களும் ஓடுது ஓடுதுன்னுதான் சொல்றீங்க. அது எங்கதான் போகுது?”

வரைபடப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நிலையம் வைத்த பெயர் ‘திருத்தம்’. சாப்பாட்டு அறைக் கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கினால் நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்வார். யாராவது ‘நேத்து’ என்று ஆரம்பித்தால் ‘முந்தா நேத்து’ என்று முடித்துவைப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பொய் சொல்லத் தெரியாதவர். அதனாலேயே அவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைத்துப்போக இயக்குநர் யோசிப்பார்.

அந்த வருடம் ஆய்வுக் கப்பல் கடலின் ஆழத்தைப் புதிதாக அளந்து வந்தது. நிலையத்தின் பொதுக் கணினி வட்டில் எங்கெங்கே ஆழக் கோப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் புதிய அளவை ஏற்றும்படி திருத்தத்திடம் சொன்னார்கள். ஏற்றிக்கொண்டே வந்தவர் கடலக்காவின் கோப்பைத் திறந்ததும் ஆடிப்போனார். நீரிணை இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்குக்கும் மேல் அகலம்! தரை இருக்க வேண்டியதைவிட எங்கேயோ மேலே! இப்படியொரு பிழை இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறதே என்று பதறி, ஒரே ஒரு கட்டமாக, உண்மையான ஆழத்தோடு, சந்தைச் சுத்தமாகச் சரிசெய்தார். சரிசெய்ததைச் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் குறிப்பிடவும் செய்தார். கடலக்கா சுற்றறிக்கை படிப்பதில்லை.

மறுவாரம் ஓட்டம் தொடங்கியது. கணினிக்குள் ஓடும் முதல் வருடத்தின் முடிவு வந்ததுமே கடல் மட்டம் இறங்கியிருந்தது. இரண்டாம் வருடத்தில் இன்னும் இறங்கியது, உப்பு ஏறியது. கடலக்கா முதலில் வெயிலைச் சந்தேகப்பட்டார். ஆவியாகும் கணக்கை வரிவரியாகப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு ஆறுகள். ஒவ்வொரு ஆறும் தன் பங்கை ஒழுங்காகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தது. மழை, காற்று, பெருங்கடலின் மட்டம், கணினி நிரலில் கழித்தல் குறி எங்காவது தவறி விழுந்ததா என்பது வரை தேடினார். தரையை மட்டும் பார்க்கவில்லை. தரை எங்கே போய்விடப் போகிறது?

தேடும் ஒவ்வொரு காரணத்துக்கும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரிய கணினி வானிலைப் பிரிவினருக்கும் பொது. புயல் என்று வந்தால் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. கடலக்காவின் ஓட்டத்தைப் பாதியில் இறக்கிவிடுவார்கள். வெளியே நிஜக் கடல் கொந்தளிக்கும் நேரம் பார்த்து உள்ளே இவருடைய கடல் ஆடாமல் அசையாமல் நிற்கும். அந்தப் பருவத்தில் புயல்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தன.

“எங்க வேலை ஊரைக் காப்பாத்தறது மேடம்,” என்றார் வானிலைக்காரர், வருத்தத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு.

“போன தடவை காப்பாத்தினீங்களே. தூறல்கூடப் போடல.”

“அதுதான் மேடம் காப்பாத்தறதுங்கிறது.”

வீட்டில் இன்னொரு வகையான ஆறுதல் கிடைத்தது. வீட்டுக்காரர் குழாய், வால்வு, தொட்டிச் சாமான் கடை வைத்திருப்பவர். தண்ணீர் சம்பந்தப்பட்ட எதிலும் தனக்கு ஒரு கருத்து இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

“தொட்டியில தண்ணி இறங்குதுன்னா ரெண்டே காரணம். ஒண்ணு, எங்கயோ ஒழுகுது. இல்லைன்னா, வர்ற லைன் அடைச்சிருக்கு. இதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்?”

“கடலுக்கு லைன் கிடையாதுங்க.”

“அப்போ ஒழுகுதுன்னு வச்சுக்கோ.”

“கடல் எங்க ஒழுகும்?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உனக்குச் சம்பளம்!” என்றார் அவர், சட்னியை வழித்து முடித்த திருப்தியோடு. பிற்பாடு விஷயம் வெளிவந்தபோது, தான் அன்றைக்கே சொன்னதாகக் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். இரண்டையும் சொன்னவருக்கு ஒன்று எப்படியும் பலிக்கும் என்று கடலக்கா பதில் வைத்திருந்தார். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மை வெளிவந்த இடம் தேநீர் வாங்கும் வரிசை. முன்னால் நின்ற திருத்தம் திரும்பிப் பார்த்து, நல்ல சேதி சொல்லும் முகத்தோடு ஆரம்பித்தார்.

“உங்க சந்துல ஒரு பெரிய தப்பு இருந்துச்சுக்கா. இப்போ சரியாயிடுச்சு. பார்த்தீங்களா?”

கடலக்கா வழக்கமாக அவரைத் ‘தம்பி’ என்பார். கோபம் வந்தால் மட்டும் ‘சார்’.

“யாரைக் கேட்டு அதுல கை வச்சீங்க சார்?”

“தப்பைத் திருத்த யாரைக் கேக்கணும்?”

“அது தப்பில்ல. வேணும்னே பண்ணினது.”

“வேணும்னே பண்ணின தப்பா?”

“கப்பலேறிப் போய் அளந்து கிழிச்சீங்களே, உங்க சுத்தமான அளவுல என் கடல் வத்திப்போச்சு சார்! ஒரு மாசமா வெயிலைத் திட்டிட்டிருக்கேன், ஆறு ஆறா போய்ச் சண்டை போட்டுட்டு வர்றேன். கடைசியில அடைச்சு வச்சது நீங்க!”

“நான் அடைக்கலக்கா. இருக்கிற அகலம் அவ்வளவுதான்.”

வரிசையில் நின்றவர்கள் தேநீரை மறந்து நின்றார்கள். கடலக்கா அவரை அறைக்கு இழுத்துக்கொண்டு போய், சந்தின் நீரோட்டப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கடல் முழுக்க அம்புக்குறிகள், சந்தில் ஒன்றுகூட இல்லை. திருத்தம் காகிதம் கேட்டு வாங்கினார். கட்டம் வரைந்தார், மூலைகளைச் சுழித்தார், ஒவ்வொன்றாக நிலத்தைத் தொடுகிறதா என்று பார்த்தார். எல்லாம் தொட்டன. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, திட்ட வைத்திருந்த மீதியைக் கடலக்கா விழுங்கிக்கொண்டார்.

“சரியான படம் போட்டா கடல் தப்பா வருது,” என்றார் அவர் மெல்ல. “தப்பான படம் போட்டா சரியா வருது. இதை நான் எங்கக்கா போய்ச் சொல்றது?”

“எங்கயும் போய்ச் சொல்லாதீங்க. அதுதான் நீங்க எனக்குப் பண்ற உபகாரம்.”

பழைய பொய்களைத் திருப்பி வைத்து ஓட்டம் மறுபடி தொடங்கியது. கூட்டத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இன்னொரு புயல் வந்து, இறக்கிவிட்டு, போயிற்று. இயக்குநர் தினமும் கதவருகே வந்து, “முடிஞ்சிடுமில்ல?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போய்விடுவார், பதில் தெரியாதவரை பொறுப்பும் இல்லை என்பது அவர் கண்டிருந்த நிர்வாக முறை. திருத்தம் குற்ற உணர்வில் தன் பிரிவுக்கு ஒதுக்கிய கணினி நேரத்தையும் தாரை வார்த்தார். கூட்டத்துக்கு முந்தைய நாள் படம் வந்துவிட்டது. கடலக்கா சந்தேகப்பட்டபடியே. கழிவுநீருக்குப் பதிலாகக் கணினியில் கிட்டத்து இடத்தில் விட்ட சாயம் குளிர்காலம் முழுவதும் விரிகுடாவுக்குள் சுற்றிச் சுற்றி வந்து கரையோரம் அப்பிக்கொண்டது. தூரத்து இடத்தில் விட்டது வெளியே போய் மெலிந்து காணாமல் போயிற்று. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மேசையைச் சுற்றி நகராட்சிப் பொறியாளர், சுகாதாரத் துறை அம்மையார், இன்னும் பேசாமல் உட்காருவதற்கென்றே வந்த சிலர். ஆழ அளவை பற்றி யாராவது கேட்டால் என்ன செய்வது என்று இயக்குநர் திருத்தத்தையும் அழைத்து வந்திருந்தார். வழியெல்லாம், “கேட்டா மட்டும் சொல்லுங்க, கேக்காம வாயைத் திறக்காதீங்க,” என்று ஓதிக்கொண்டே வந்தார்.

கடலக்கா படத்தை ஓடவிட்டார். சாயம் சுற்றியது, அப்பிக்கொண்டது. சுகாதாரத் துறை அம்மையார் முகத்தைச் சுளித்தார். நகராட்சிப் பொறியாளர்கூட, “அப்போ வெளியேதான் போகணும் போல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். காரியம் முடிந்த மாதிரிதான். தலைவர் கோப்பை மூடப் போனவர், திரையில் ஒரு மூலையைப் பார்த்துச் சும்மா, பேச்சுவாக்கில் கேட்டார்.

“அந்தக் கோடியிலதானே நீரிணை? நான் படகுல தாண்டியிருக்கேன். அக்கரையில காயப்போட்ட துணியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உங்க படத்துல இவ்வளவு அகலமா இருக்கே?”

இரண்டு வரியில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி. ‘படத்துக்காகக் கொஞ்சம் பெரிசா போட்டிருக்கு சார்’ என்றிருந்தால் அவர் தலையாட்டிக் கோப்பை மூடியிருப்பார். அது முழுப் பொய்யும் ஆகாது. ஆனால் இருபது வருடத்தில் முதன்முறையாக ஒரு மனிதர் கேட்டிருக்கிறார். கடலக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

“நல்ல கேள்வி சார்!” என்று ஆரம்பித்தார். கட்டத்தைச் சொன்னார், மூலையைச் சொன்னார். பலகையில் படம் போட்டார். அகலத்தை எப்படி விரித்தார், தரையை எப்படி உயர்த்தினார், எத்தனை தரம் உயர்த்தி இறக்கி அந்தச் சொரசொரப்பைப் பிடித்தார் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். இயக்குநர் முதலில் இருமினார், பிறகு இருமலை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். சரியான அளவைப் போட்டபோது கடல் வற்றிய கதையைக்கூட, தன் முறையின் அருமைக்குச் சான்றாக, கடலக்கா சந்தோஷமாகவே சொல்லி முடித்தார்.

மூடப்போன கோப்பைத் தலைவர் மறுபடி விரித்தார்.

“அதாவது, உண்மையான அகலத்தைப் போட்டா உங்க கணக்கு வராது.”

“இந்தக் கட்ட அளவுல வராது சார். ஆனா போய்வர்ற தண்ணி கரெக்டா—”

“நான் ஒண்ணும் விஞ்ஞானி இல்லம்மா. நாளைக்கு ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனா, இந்தப் படத்துல இருக்கிற நீரிணை நிஜமானு கேப்பான். நான் என்ன சொல்றது?”

“நிஜம் இல்ல சார். ஆனா—”

“அவ்வளவுதான் வேணும்.”

அவர் கோபப்படவில்லை, மிகவும் மரியாதையாகத்தான் முடிவைச் சொன்னார். நீரிணையை உள்ளபடியே காட்டும் அளவுக்கு நுணுக்கமான மாதிரி வரும்வரை எந்த இடத்துக்கும் குழு சிபாரிசு செய்யாது. புதுக் குழாய் வேலை அதுவரை நிறுத்தி வைக்கப்படுகிறது. பழைய குழாய் இப்போது உள்ளபடியே தொடரும். பொறியாளர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எந்த வேலையும் இல்லாததைவிடச் சீக்கிரம் முடியும் வேலை வேறு கிடையாது.

வெளியே நடைபாதையில் கடலக்காவைத் தடுத்து நிறுத்தியது இயக்குநர் அல்ல. அவர் காருக்குப் போய்விட்டிருந்தார். திருத்தம்தான், முகமெல்லாம் சிவந்து நின்றார்.

“ஏன்கா சொன்னீங்க?”

“கேட்டாரே.”

“கேட்டா? அவர் என்ன உங்க முறையைப் பத்தியா கேட்டாரு? படகுல போன ஞாபகத்துல ஒரு பேச்சு பேசினாரு! நான் எப்படி உக்காந்திருந்தேன் தெரியுமா? அந்தப் பொறியாளர் கடல் ஆழம்னு ஒரு எண் சொன்னாரே, சுத்தத் தப்பு. வாயைத் திறக்கல. உங்க படத்துல நிலமுனை ஒரு கட்டம் தள்ளி இருக்கு. அதுக்கும் திறக்கல. நீரிணை பத்தி தலைவர் கேட்டப்போ பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். என் ஜென்மத்துல நான் இவ்வளவு நேரம் ஒரு தப்பைப் பார்த்துட்டுச் சும்மா இருந்ததில்ல. எல்லாம் உங்களுக்காக. நீங்களே எழுந்து நின்னு எல்லாத்தையும் கொட்டிட்டீங்க!”

“இருபது வருஷத்துல ஒருத்தர் கேட்டிருக்காரு தம்பி.”

“அதுக்கு?”

கடலக்கா உண்மையை மதித்துச் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம். திருத்தம்கூடப் பின்னால் பிறரிடம் அப்படித்தான் சொன்னார். ஆனால் பலகையில் படம் போட்டபோது தன் குரல் எவ்வளவு உற்சாகமாக இருந்தது என்பது கடலக்காவுக்கு நன்றாகவே நினைவிருந்தது.

கட்டத்தை நுணுக்கமாக்குவது என்றால் பாதிக்குப் பாதி குறைத்தாலே கணினிக்கு எட்டு மடங்கு வேலை. சந்து உண்மையான அகலத்தில் திறக்க வேண்டுமானால் இன்னும் எவ்வளவோ குறைக்க வேண்டும். வானிலைக்காரர்கள் விட்டுவைக்கும் இடைவெளிகளில் ஓட்டினால் முடிவதற்குள் கடலக்கா ஓய்வு பெற்றுவிடலாம். அப்படி முடித்தாலும் இப்போது வந்த அதே படம்தான் வரும் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. தெரிந்த விடைக்காக மிச்ச உத்தியோகத்தையும் கொடுக்க வேண்டும்.

அறைக்குத் திரும்பியதும் நாத்தனாரிடமிருந்து தொலைபேசி வந்தது. கூட்டத்தில் நடந்ததை, தன் பங்கைக் கொஞ்சமும் குறைக்காமல், கடலக்கா சொன்னார்.

“அப்போ ஜன்னல்?”

“மூடியே வை.”

“படத்துல வெளியே போச்சுன்னு சொன்னீங்களே அண்ணி. எல்லாரும் பார்த்தாங்கன்னு சொன்னீங்களே.”

“பார்த்தாங்கடி.”

“பார்த்துட்டுமா?”

திருத்தம் உள்ளே வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்காமலே நீரிணையின் புதிய ஆழப் படத்தை மேசை மேல் விரித்து, பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். “எத்தனை கட்டமா வெட்டலாம்?” என்றார். கடலக்கா தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, “முதல்ல வாயை மூடிட்டு உக்காருங்க சார்,” என்றார்.